டிவியில் வந்த என் வீட்டுக்காரர் பெயர்

நாலைந்து வருஷத்துக்கு முன், காசிமேட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நடுக்கடலில் பக்கத்து நாட்டுக் கடற்படைக் கப்பல் மோதி, எங்கள் பகுதி விசைப்படகு ஒன்று மூழ்கிவிட்டது. டெல்லி அந்த நாட்டுத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அவர்கள் பதிலுக்கு நம் மீது பழி போட்டார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான்.

மறுநாள் காலை, உயிரோடு பிடிபட்டவர்களின் பெயர்களை டிவியில் வாசித்தார்கள். கடைசியில் வந்தது என் வீட்டுக்காரர் பெயர், அவர் அப்பா பெயரோடு!

அந்த மனுஷரோ எதிரே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறார். திருக்கை முள் குத்திக் கால் வீங்கியதால், அவருக்குப் பதில் பின்தெருவில் இருக்கும் அவருடைய தோஸ்து அந்தப் படகில் போயிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாரடித்துக்கொண்டு உள்ளே வந்து, இவரைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் விழுங்கினார்கள். எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னாய்யா, உன் கார்டு எங்க கீது?” என்றேன்.

மீனவர் அடையாள அட்டை இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. தோஸ்தின் அட்டை தொலைந்துபோனதால் தன்னுடையதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார் மகாராஜா! “வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பேஜாரு” என்று முனகினார்.

பட்டியலில் தன் புருஷன் பெயர் இல்லாமல் தோஸ்தின் மனைவி என்ன பாடுபடுவாள் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்ததே கோபம். “உனுக்குக் கார்டு பெருசா? அங்க ஒருத்தி தாலியப் புடிச்சிகினு குந்தினு கீறாய்யா!” என்று கத்தி, நொண்ட நொண்ட அவரை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

குழாயடியில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்பவள், அழக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். அத்தனை பேர் முன்னாலும் இவர் உடைத்துச் சொன்னார்: “அந்தப் பேரு என்னுது, ஆளு உன் புருஷன். உசுரோட கீறான்மா.”

அவள் எழுந்து இவர் தோளில் ரெண்டு அடி வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான்.

மீன்வளத் துறையில் இவர் தானே போய் உண்மையைச் சொல்லி, நன்றாகத் திட்டு வாங்கினார். சில வாரத்தில் தோஸ்து விடுதலையாகி, தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்தார். இன்றைக்கும் இப்படிச் செய்தி வந்தால், பட்டியலில் தன் புருஷன் பெயரைத் தேடிக் காணாத பெண்ணைத்தான் என் மனசு முதலில் தேடிப் போகிறது.