ஆற்றுத்தண்ணீரில் காய்ச்சாத பீர்

இலங்கைக்குச் சுற்றுலா போனபோது எங்கள் குழுவில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். தொப்பை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விலை கூடின பைனாகுலர். அதன் மூடியை அவர் கழற்றி நான் பார்த்ததே இல்லை. கண்ணில் படும் எதையும் ஊரோடு ஒப்பிட்டுத் தோற்கடிப்பதுதான் அவர் வேலை. காட்டு யானையைக் காட்டினால், "நெல்லையப்பர் கோயில் யானை இதைவிட லட்சணம் வே" என்பார். மயிலைக் காட்டினால் களக்காட்டு மயிலை இழுப்பார். இலங்கை பீரை மட்டும் ஒரு கடை விடாமல் ருசித்தார். பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "நம்ம ஆத்துத்தண்ணில காய்ச்சிருந்தா இது எங்கயோ போயிருக்கும்" என்று பீருக்காக வருந்துவார்.

அவர் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. சாவதற்குள் திமிங்கலத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கடைசி நாள், படகில் அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி ஐஸ்பெட்டிக்குள் குனிந்து பீர் தேடிய நேரம், கருத்த முதுகு ஒன்று எழுந்து, மூச்சை உயரப் பீய்ச்சி, வாலைக் காட்டிவிட்டு அமிழ்ந்தது. படகே கத்தியது. அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னட்டி சத்தம்?" என்று அவர் நிமிர்ந்தார்.

"ஏதோ மீனு துள்ளிச்சு. நீங்க பைய பாட்டில எடுங்க."

"நெசமாவா வே?" என்று என்னிடம் கேட்டார்.

"மீன்தான் அண்ணாச்சி" என்றேன்.

"மீனுக்கா இந்தக் கூப்பாடு? நம்ம ஆத்துல இல்லாத மீனா?" என்று பாட்டிலைத் திறந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தத் தீவில் அவர் ஊரிடம் தோற்காமல் தப்பியது அந்தத் திமிங்கலம் ஒன்றுதான்.