ஹட் பேயில் கரண்ட் போன அந்த ஆட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போர்ட் பிளேர் கராச்சர்மாவில் எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்பும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் என் கணவரும் அதே கோலத்தில். நடுவில் கதவு சாத்தியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. நான் நடத்துகிற ஆன்லைன் போட்டியில் அவர் ஒரு ஆட்டக்காரர், நான் நடுவர். அதற்காகத்தான் கதவு.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு ராட்சத ரோபோ. நாலு மாடி உயரம், தோளில் பீரங்கி. இடிந்துபோன நகரத்திலோ பாறைக்காட்டிலோ எதிரியின் ரோபோவைத் தேடிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் உருப்படியான பிறகு எங்கள் தீவுகளில் இது காட்டுத்தீயாகப் பரவியது. பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று எல்லோரும் கலந்த ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பேச்சு இந்தியில், திட்டு அவரவர் மொழியில்.

என் வேலை, ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற கப்பல்துறைக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் கப்பல் பணியாளர்களுக்கு டியூட்டி போடுவது. தீபாவளிக்கு யார் கடலில், யார் வீட்டில் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படிப் போட்டாலும் சிலர் முகம் தூக்குவார்கள். ஏன் அப்படிப் போட்டேன் என்று என்னால் சொல்ல முடிந்தால், முணுமுணுத்துக்கொண்டே கப்பல் ஏறிவிடுவார்கள். அதனால் நியாயம், முறை என்று பேச்சு வந்தால் எனக்குப் பயம் கிடையாது.

அதற்கு முந்தைய போட்டியை வேறு ஒருவர் நடத்தினார். ஒரு தடவை தோற்றால் வெளியே. நெட் போனாலும் தோல்விதான். முதல் நாளே ஹட் பே ஆட்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஹட் பே இருக்கிற லிட்டில் அந்தமான் தீவில் மழை அடித்தால் எப்போது கரண்ட் போகும், எப்போது நெட் திக்கும் என்று யாருக்கும் தெரியாது. "க்யா கரேன், என்ன பண்றது, உங்க ஊர் அப்படி" என்று குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த போட்டியை நான் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் முறையில் யாரும் பாதியில் வெளியே போக மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சமமாக ஜெயித்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். எல்லாச் சுற்றும் முடிந்தபின் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்கு இறுதிப் போட்டி. கடைசிச் சுற்றில் யாரும் ஏனோதானோ என்று ஆடிவிடக் கூடாது என்பதற்காக, முதலிடம் பிடித்தவர் இறுதிப் போட்டியின் களத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் வைத்தேன்.

நெட் போனால் என்ன செய்வது என்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஆட்டத்தை முதலிலிருந்து வைத்தால், தோற்கப் போகிறவன் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்குவான். தோல்வி என்று அறிவித்தால் ஹட் பேக்குப் பழைய கதைதான். கடைசியில் எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மீன் பொரியலுக்கு அடித்துக்கொண்டபோது அம்மா செய்த தீர்ப்பு ஞாபகம் வந்தது. ஒருத்தி பங்கு வை, மற்றவள் எடு. அதையே விதியாக்கினேன். ஆட்டம் அறுந்தால், யாருடைய நெட் போனதோ அவர் அறுந்த நேரத்து நிலைமையை ஒட்டி இரண்டு ரோபோக்களையும் நிறுத்த வேண்டும். கவசம் எவ்வளவு மிச்சம், எந்த இடம் என்று எல்லாம் அவர் சொல்லலாம். விளையாட்டில் நடுவர் அப்படி வைத்துக்கொடுக்க வசதி உண்டு. அந்த இரண்டில் எந்த ரோபோ தனக்கு என்று எதிராளி தேர்ந்தெடுப்பார். தனக்குச் சாதகமாக வைத்தால் அதை எதிராளி எடுத்துக்கொள்வார். பொய் சொன்னால் சொன்னவருக்கே நஷ்டம்.

எல்லோரும் சம்மதித்தார்கள். படித்துப் பார்த்துத்தான் சம்மதித்தார்களா என்பது வேறு விஷயம்.

மெயின்லேண்டிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் பரிசுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் தந்தார். போட்டியை நேரலையில் காட்டுவதும் அவர்தான்.

கடைசிச் சுற்று அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஜெயித்து இறுதிப் போட்டியில் இடம் பிடித்துவிட்டார். இன்னொரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி ஹட் பேயில் தையல் கடை வைத்திருக்கிற பெண். எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் என் கணவர். அவர் தன் ஆட்டத்தை முன்பே முடித்திருந்தார். அவள் கோவைக்காரரை ஜெயித்தால் அவளுக்கு இடம். தோற்றால் என் கணவருக்கு.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, முடிவு செய்கிற மூன்றாவது ஆட்டம் நடக்கிறது. பாறைக்காட்டுக் களம். அவளுடைய ரோபோவுக்கு ஒரு கால் அடிபட்டு நொண்டுகிறது, கவசமும் பாதிக்குக் கீழே. கோவைக்காரர் நல்ல நிலையில் இருக்கிறார். திடீரென்று அவள் ரோபோ நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றது. பிறகு திரையிலிருந்தே மறைந்துவிட்டது.

போன் வந்தது. "அக்கா, லைட் சலா கயா, கரண்ட் போயிடுச்சு. பஜார் முழுக்க இல்ல. போன் நெட்ல வரப் பாக்கறேன், கொஞ்சம் பொறுங்க."

நேரலையில் கோவைக்காரர் மைக்கைப் போட்டார். "பரவாயில்லீங்க. கரண்டு போனதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க. முதல்ல இருந்தே ஆடிக்கலாங்க, எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதயமாகப் பொழிந்தார்கள். கடைக்காரருக்கும் பரம சந்தோஷம். "மேடம், சூப்பர் மொமெண்ட். அப்படியே வச்சிடலாம்" என்று தனியாகச் செய்தி அனுப்பினார்.

எனக்கும் ஒரு நிமிடம் மனம் இளகியது. கோவைக்காரர் நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் தோற்றாலும் இறுதிப் போட்டியில் அவர் இருப்பார். அவர் அள்ளிக்கொடுக்கிற தயவுக்கு விலை கொடுக்கப் போவது மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் கணவர்.

"நன்றி சார். ஆனா விதிப்படிதான் போகணும். அவங்க பங்கு வைக்கட்டும், நீங்க எடுங்க" என்றேன்.

அவ்வளவுதான். இதயம் போட்ட அதே விரல்கள் என்னைக் கிழிக்க ஆரம்பித்தன. புருஷனுக்காகச் செய்கிறாள், வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள், இன்னும் எழுத முடியாதவை. கடைக்காரர் "மேடம், பேர் கெட்டுடும், ப்ளீஸ்" என்று கெஞ்சினார்.

கதவு திறந்தது. என் கணவர் தலையை மட்டும் நீட்டினார். "சோடோ யார், விட்டுடு. நான் விலகிக்கறேன். எனக்கு இது வேணாம், உன்னை ஏன் ஊர் பேசணும்."

"நீ விலகினா அது இன்னும் கேவலம். பொண்டாட்டி மெரட்டி விலக வச்சுட்டான்னு சொல்வாங்க. உள்ள போ" என்றேன்.

அவர் போய்விட்டார். என் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தேகமும் இல்லை. அந்த இடத்தில் என் கணவருக்குப் பதில் முகம் தெரியாத ஒரு ஆள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். இதையேதான் செய்திருப்பேன். எனக்கு அது போதும்.

சற்று நேரத்தில் போன் நெட்டில் அவள் வந்துவிட்டாள். லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜ் ஆட்டத்துக்குப் போதும் என்றாள். நிலைமையைச் சொன்னேன்.

"நானா வைக்கணும்?"

"நீதான் வைக்கணும்."

அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். ஒரு ரோபோவுக்குக் கால் நொண்டல், கவசம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதற்கு இடம் மேட்டின் மேல், பாறை மறைவில். இன்னொன்றுக்குப் பாதிக்கு மேல் கவசம், நல்ல கால்கள். இடம் கீழே, மறைவே இல்லாத வெட்டவெளியில். அறுந்தபோது இருவரும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றிருந்தார்கள். நேரலையில் பழைய காட்சியை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அடங்கினார்கள். அவள் தன் கவசத்தைத் துளியும் கூட்டிச் சொல்லவில்லை.

கோவைக்காரர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "இதென்னங்க, எதை எடுக்கறதுன்னே தெரியலையே" என்று சிரித்தார். பிறகு கீழே நின்ற ரோபோவை எடுத்தார்.

ஆட்டம் அனல் பறந்தது. மேட்டிலிருந்து அவள் போட்ட முதல் குண்டு அவருடைய ஒரு கையைப் பிய்த்தது. அவர் பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஏறினார். நொண்டிக் காலோடு அவளால் சட்டென்று திரும்ப முடியவில்லை. திரும்பி முடிப்பதற்குள் அவள் ரோபோ மண்டியிட்டு முன்பக்கமாகச் சரிந்தது.

இப்போது எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அவள் மைக் வந்தது.

"நான் வச்ச பங்கு. அவர் எடுத்தார். மேடு என் கையில இருந்தும் நான் திரும்பறதுக்கு லேட் பண்ணிட்டேன், தோத்துட்டேன். பஸ், அவ்வளவுதான். அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அதற்குமேல் என்னைத் திட்டி யாரும் எழுதவில்லை. கோவைக்காரர், "அம்மணி, அடுத்த தடவை அந்த மேட்டை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

இறுதிப் போட்டியில் அதே பாறைக்காட்டைத் தேர்ந்தெடுத்து, கோவைக்காரர் என் கணவரைத் துவைத்துக் காயப்போட்டார். கம்ப்யூட்டர் கோயம்புத்தூர் போனது. அந்த விதியை இப்போது மெயின்லேண்டில் இரண்டு மூன்று குழுக்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. "ஹட் பே பங்கு" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த ஹட் பே பெண் துணி வாங்கக் கப்பலில் போர்ட் பிளேர் வந்தாள். ஜெட்டியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் கணவர் சூரை மீன் குழம்பு வைத்தார். சாப்பிடும்போது, தோற்றதில் வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்காதா அக்கா? ராத்திரி அழுதேன். ஆனா முன்னெல்லாம் நெட் போனா லேப்டாப்பை மூடிட்டுத் தையல் மிஷின்ல போய் உக்காந்துடுவேன். நான் இல்லாமலே முடிஞ்சு போயிருக்கும். அன்னிக்குத்தான் என்னைக் கூப்பிட்டு, உன் ரோபோ எந்த நிலைமையில இருந்துச்சுன்னு கேட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கும் ஒரு போட்டிக்கு முறை வகுக்க உட்கார்ந்தால், அதில் தோற்கப் போகிற யாரோ ஒருவரை மனதுக்குள் எதிரில் உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிற விதிகளை மட்டும்தான் எழுதுகிறேன்.