வாய் வைக்காத பாட்டில்

என் கணவருக்கு இட்லிகூடத் தொண்டைக்குக் கீழே இறங்காமல் போன அந்த வாரம், மும்பையில் எங்கள் செம்பூர் காலனியில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. மூன்றாம் மாடிக்காரர் உடம்புச் சூடு என்றார். எதிர்வீட்டு மாமி, "ஆசிடிட்டிதான், மோர் குடுங்கோ" என்றாள். மோரைக் குடித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தார். புற்றுநோயோ என்று பயந்து அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார். நல்லவேளை, உணவுக்குழாயின் நடுவில் புண் மட்டும்தான். தினமும் போடும் முட்டிவலி மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"டிரெயின் மே, டாக்டர் சாப். பானி கீ ஜரூரத் நஹீ!"

ஆபீஸ் போகிற ரயிலிலேயே விழுங்கிவிடுவாராம், தண்ணீரே தேவையில்லையாம். டாக்டர் மெடல் குத்திவிடுவார் என்று நினைத்தார் போலும் என் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உணவுக்குழாயின் உட்பக்கத்துச் செல்கள் ஒரே கொழுப்பு அமிலத்திலிருந்து இரண்டு வகைப் பொருள்களைச் செய்கின்றன. ஒன்று அந்தச் சுவரைக் காப்பாற்றும், மற்றொன்று அழற்சியைக் கிளப்பும். வலி மாத்திரை, காப்பாற்றும் பொருளை உண்டாக்கவிடாமல் தடுக்கிறது. அப்போது அந்தக் கொழுப்பு அமிலம் அழற்சியைக் கிளப்பும் வேலைக்குப் போகலாம். போதாக்குறைக்கு, தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை அங்கேயே ஒட்டிக்கொண்டு அரிக்கிறது.

கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் இந்த மனிதரைக் காப்பாற்ற மாடாய் உழைக்கிறது. அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கிறவருக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை. ஆட்டோவில் பொரிந்து தள்ளினேன்.

"தினம் பையில பாட்டில் வெச்சுத்தானே அனுப்பறேன்? அதுல ஒரு வாய் குடிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவேள்?"

"அந்தக் கூட்டத்துல பாட்டிலத் தூக்கி அண்ணாந்து ஊத்திக்க எங்கடி எடம்? வாய் வெச்சுக் குடிச்சா எச்சல்னு நீதானே தூக்கிப் போடுவே."

உண்மைதான். போன வருஷம் இவர் வாய் வைத்துவிட்டார் என்று விருந்தாளிகள் எதிரிலேயே ஒரு புது பாட்டிலைக் குப்பையில் எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தண்ணீர் புண்ணில் போய் விழுந்து, முகம் சுருங்க இருமினார்.

"வாய் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிங்கோ" என்றேன்.

டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர், குடிப்பதற்கு முன் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார்.