பெனிட்டாவின் பாட்டுப் பெட்டியும் பறக்கும் படையும்

ராயப்பன்பட்டி பெனிட்டாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘ஆபரேட்டர்’ என்று மட்டும் இருக்கும். எதற்கு ஆபரேட்டர் என்று இருக்காது. கார்டை வாங்குகிறவர்கள் ஜேசிபி என்று நினைத்துக்கொண்டு, “மணிக்கு எம்புட்டும்மா?” என்று விசாரிப்பார்கள். “பாட்டுக்கு அஞ்சு ரூவாண்ணே” என்பாள். உடனே கார்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கம் காலியாக இருக்கும்.

அவள் நடத்துவது பாட்டுப் பெட்டி. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. நெற்றியில் கண்ணாடித் திரை, நெஞ்சில் நம்பர் பொத்தான்கள், இடுப்பில் காசு போடும் ஓட்டை. காசைப் போட்டு நம்பரை அமுக்கினால் பாட்டு வரும். லோயர் கேம்பிலிருந்து சின்னமனூர் வரைக்கும் டீக்கடை, புரோட்டாக் கடை, சலூன் என்று ஏழு இடங்களில் ஏழு பெட்டிகள் நிற்கின்றன.

கைக்குக் கை போன் இருக்கிற காலத்தில் காசு போட்டு யார் பாட்டுக் கேட்பார்கள் என்று அவளுடைய வீட்டுக்காரர் ஜான் பீட்டரே ஆரம்பத்தில் கேட்டார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அவர்; எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார்.

“போன்ல போட்டா நமக்கு மட்டுந்தான் கேக்கும். பெட்டியில போட்டா பக்கத்துல உக்காந்திருக்கவனும் கேட்டாகணும்ல? அஞ்சு ரூவா அதுக்கு” என்றாள் பெனிட்டா.

மனித குலத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஜான் பீட்டர் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு உத்தமபாளையத்தில் ஒரு டிவி ரிப்பேர்க் கடையில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள் பெனிட்டா. டிவியை ரிப்பேர் பார்க்கிற வழக்கமே ஜனங்களை விட்டுப் போனபிறகு, ஒரு கல்லூரி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, பீரோப் பட்டறையில் கூடு செய்து, பெட்டிகளை அவளே உண்டாக்கினாள். அதிலெல்லாம் பெரிய சூட்சுமம் இல்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாட்டு இருக்கக்கூடாது என்று தெரிவதுதான் சூட்சுமம். தவக்காலம் பிறந்தால் ராயப்பன்பட்டிப் பெட்டியில் குத்துப்பாட்டு இருக்காது. நோன்பு மாதம் கம்பத்துப் பெட்டி மாலை வரைக்கும் வாயைத் திறக்காது. சுருளிப்பட்டியில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் காதல் தோல்விப் பாட்டுக்கு விடுமுறை. கழுத்தில் நாலு பென் டிரைவைக் கோத்து மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் மாற்றி வைப்பாள்.

ஒருநாள் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இதே தொழில் செய்தவர்களைப் பற்றியது. இரும்பெல்லாம் பீரங்கிக்குப் போனதால் புதுப் பெட்டி கிடையாது. இசைத்தட்டு செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு, அதனால் புதுப் பாட்டும் லேசில் கிடையாது. டயருக்கும் ரேஷன். இருந்த தட்டுகளையே கடைக்குக் கடை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பெனிட்டா அதை மூன்று தடவை பார்த்தாள். சொந்தக்காரர்கள் கஷ்டப்பட்டதைக் கேட்டதுபோல இருந்தது.

அவர்களுக்குப் போர் வந்தது. பெனிட்டாவுக்குச் சட்டசபைத் தேர்தல் வந்தது.

லோயர் கேம்பில் மலைப்பாதை ஏறுகிற இடத்துக்குச் சற்று முன்னால் சங்கரலிங்கத்தின் டீக்கடை. கேரளாவுக்குப் போகிற லாரியும், தோட்டத்து ஜீப்பும், கோயில் வேனும் அங்கேதான் மூச்சு வாங்கும். பெனிட்டாவின் முதல் பெட்டி அங்கே நிற்கிறது. மற்ற ஆறு பெட்டிகளையும் முதுகில் சுமப்பது அதுதான். அந்த இடம் போனால் ஆபரேட்டர் மறுபடியும் ரிப்பேர்க் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த ரிப்பேர்க் கடையும் இப்போது செருப்புக் கடை.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில் காதர் பாய் கடைக்குள் வந்தார். அப்துல் காதர் இப்போது ஆள்கிற கட்சியின் கிளைச் செயலாளர். காசைப் போட்டு, தங்கள் தலைவர் அந்தக் காலத்தில் நடித்த படத்தின் பாட்டை அமுக்கினார். பாட்டு முடிந்தது. மறுபடியும் அமுக்கினார். ஆறாவது தடவை ஓடும்போது பவுனு வந்தாள். பவுனு முன்னால் ஆண்ட கட்சியின் கவுன்சிலர். மைக் இல்லாமலே கூட்டம் பேசுகிற தொண்டை. அவள் கட்சித் தலைவரும் சினிமாவிலிருந்து வந்தவர்தான். நம் ஊரில் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன பாய், ஒரே பாட்டா ஓடுது? ஒங்க தலைவரு ஒரு படந்தான் நடிச்சாரா?”

“ஓடுன படத்தைத்தானம்மா போட முடியும் கவுன்சிலரம்மா” என்றார் காதர் பாய்.

பவுனு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பன்னிரண்டு காசு. பன்னிரண்டு தடவை அவள் கட்சிப் பாட்டு. மதியத்துக்குள் இரண்டு தரப்பும் பெட்டிக் கடையில் சில்லறை மாற்ற ஆள் அனுப்பின. ஒரு வாரம் இந்த யுத்தம் நடந்தது. பெனிட்டாவுக்குச் சந்தோஷம். எட்டாம் நாள் ஒரு டீ கிளாஸ் பறந்து வந்து பெட்டியின் கண்ணாடியில் மோதியது. கிளாஸ் எந்தக் கட்சி என்பது கடைசிவரை தெரியவில்லை. யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் புகார் அனுப்பிவிட்டார்கள்.

பறக்கும் படை பொலிரோவில் வந்தது. ஓர் அதிகாரி, ஓர் ஏட்டு, ஒரு வீடியோக்காரர். அதிகாரி மற்ற நாட்களில் திராட்சைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று சொல்கிற தோட்டக்கலை சார். தேர்தலுக்காக இங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். கடையில் பாதிப் பேர் அவரிடம் செவட்டை நோய்க்கு யோசனை கேட்டவர்கள்.

“பெட்டியை மூடுங்க. கட்சி சம்பந்தப்பட்ட பாட்டு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இன்னொரு புகார் வந்துச்சுன்னா ஓட்டு எண்ணி முடியிற வரைக்கும் பெட்டி தாலுகா ஆபீஸ்ல நிக்கும்” என்றார் அவர்.

சிலைகளுக்கெல்லாம் துணி சுற்றிய வாரம் அது. பெட்டிக்கும் ஒரு பழைய போர்வையைச் சுற்றினார்கள். முக்காடு போட்ட சம்பந்தியம்மாள்போல அது மூலையில் நின்றது.

சங்கரலிங்கம் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. “ஏத்தா பெனிட்டா, கம்பத்துல ஒருத்தன் பெரிய டிவி தர்றேங்கிறான். சும்மா மாட்டிவிட்டுப் போறானாம், நடுவுல அவென் வெளம்பரம் ஓடுமாம். மூலையில போர்வைய வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?”

“ஒரு வாரம் பொறுங்கண்ணே.”

“திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன்.”

டிவி ஒரு சுவரில் ஏறிவிட்டால் இறங்காது என்பது பதினான்கு வருடம் டிவியோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும். காதர் பாயையும் பவுனுவையும் எதிரெதிரே உட்கார வைத்து, பெட்டியில் இருந்த நானூறு பாட்டில் எதிலெல்லாம் கட்சி இல்லை என்று ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டாள். வேட்புமனுப் பரிசீலனையே அதனிடம் தோற்றது. தலைவர்கள் நடித்தது போயிற்று, எழுதியது போயிற்று, பாடலாசிரியர் எப்போதோ மேடையேறியது போயிற்று. பிறகு சின்னம் பார்க்க ஆரம்பித்தார்கள். சூரியன் வந்த பாட்டு, இலை வந்த பாட்டு, பூ வந்த பாட்டு எல்லாம் வெளியே. கையைப் பிடிக்காமல் காதல் பாட்டு ஏது? அத்தனையும் வெளியே.

“கல்யாணப் பாட்டாச்சும் இருக்கட்டும் பவுனக்கா” என்றாள் பெனிட்டா.

“அதுல மோதிரம் வருது. போன தடவ சுயேச்சைக்கு மோதிரம் குடுத்துருந்தாக.”

கடைசியில் தேறியவை ஏழு. இரண்டு தாலாட்டு, மூன்று ஒப்பாரி, ஒரு பள்ளிக்கூடப் பிரார்த்தனை, கொசு ஒழிப்புக்கு அரசாங்கம் போட்ட ஒரு பாட்டு. மலையாளப் பாட்டைப் போடலாம் என்று பார்த்தால், டீ குடித்துக்கொண்டிருந்த குமுளி லாரி டிரைவர் தலையை ஆட்டினார். “அவிடெயும் எலக்ஷனாணு சேச்சி.”

இரண்டு நாள் அந்த ஏழு பாட்டோடு பெட்டி நின்றது. ஒரே ஒரு காசு விழுந்தது. போட்டவர் வெளியூர்க்காரர், ஒப்பாரி வந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அரக்கு இல்லாத காலத்தில் அந்த அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? இருப்பதைத் திருப்பிப் போட்டார்கள். பெனிட்டாவும் இருப்பதைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பாட்டில் கட்சிக்காரராக இருப்பது யார்? வயலினா? தபேலாவா? குரலும் வார்த்தையும்தானே? இரண்டையும் உருவிவிட்டு மேளதாளத்தை மட்டும் மிச்சம் வைக்கிற சாப்ட்வேர் இப்போது சும்மா கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், மறுநாள் காலைக்குள் நானூறு பாட்டையும் ஊமையாக்கினாள். திரையில் முகம் கிடையாது, பெயர் கிடையாது, வெறும் நம்பர்.

திங்கட்கிழமை காலை காதர் பாய் சந்தேகத்தோடு பழைய நம்பரை அமுக்கினார். வயலின் எழுந்தது, தபேலா விழுந்தது, பாட வேண்டிய இடத்தில் பாட்டு வாயை மூடிக்கொண்டது. காதர் பாயால் தாங்க முடியவில்லை. அவரே பாடினார். பெஞ்சில் இருந்த நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக் கடைப் புரோட்டா மாஸ்டர் மாவை அடித்த அடி தாளத்தோடு சேர்ந்தது. மலையேற வேண்டிய ஜீப்புகள் ஏறவில்லை. சங்கரலிங்கம் இரண்டாவது பாய்லரைப் பற்ற வைத்தார். டிவிக்காரன் போனில் கூப்பிட்டபோது, “சாயந்தரம் பேசு, இங்கன ஒண்ணும் கேக்கல” என்று வைத்துவிட்டார்.

சாயந்தரத்துக்கு முன்னால் பொலிரோ வந்துவிட்டது. யாரோ மறுபடியும் போனில் புகார் அனுப்பியிருந்தார்கள்.

தோட்டக்கலை சார் உள்ளே காலை வைத்ததும் கடை முழுவதும் வாயை மூடியது. பெட்டி மட்டும் காதர் பாயின் கட்சிப் பாட்டை வார்த்தையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

“அம்மா, நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

“சார், குரல் இல்ல, வார்த்தை இல்ல, படம் இல்ல” என்றாள் பெனிட்டா. “இது இன்ன பாட்டுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நானே பெட்டியை உங்க வண்டியில ஏத்திவிடுறேன்.” சொல்லும்போது அவளுடைய கை பிளக்கின் மேலேயே இருந்தது.

அடுத்த பாட்டுக்குக் காசோடு பெஞ்சில் காத்திருந்த பவுனுவை அதிகாரி பார்த்தார். “நீங்க எதிர்த்தரப்புதானேம்மா. இது அவங்க கட்சிப் பாட்டுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பவுனு பேனாவை வாங்கினாள். எழுதப்போனவள் நிறுத்தினாள்.

“எது அவுக பாட்டு? எங் கல்யாணத்துல ரேடியோ செட்டுல மொதப் பாட்டு இதுதேன். ரோட்டை எடுத்துக்கிட்டாக, கொளத்தை எடுத்துக்கிட்டாக. பாட்டையும் நான் எழுதிக் குடுக்கணுமாக்கும்? இது பொதுப் பாட்டு சார்.”

அதிகாரி காதர் பாய் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்க சொல்லுங்க பாய். உங்க கட்சிப் பாட்டா? ஆமான்னா, பாடுன அத்தனை தடவையும் உங்க வேட்பாளர் செலவுல ஏறும்.”

காதர் பாயின் முகத்தில் ஒரு மனிதன் தன் சொந்தப் பிள்ளையைச் சந்தையில் பார்த்து யாரென்று தெரியாது என்று சொல்கிற வேதனை தெரிந்தது. “பொதுப் பாட்டுத்தான் சார்” என்றார்.

“நீங்க ரெண்டு பேரும் சொன்னாப் போதுமா? வீடியோவை மேல அனுப்புறேன், அவங்க கேட்டு முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் பெட்டி வண்டியில ஏறட்டும்” என்றார் அதிகாரி. ஏட்டு பெட்டியைக் கட்டிப் பிடித்தார். பெட்டி அசையவில்லை, பீரோப் பட்டறை வேலை.

“பொதுப் பாட்டுதேன், நானே பாடிக் காட்டுறேன்” என்று பவுனு இரண்டாவது சரணத்துக்குத் தயாரானாள். “எங் கல்யாணத்துல கேட்டதுதேன். மொதல்ல தோப்பு வரும், பொறவு ஆறு வரும்.”

காதர் பாய் துடித்துப்போனார். “தப்பாப் பாடாதம்மா! மொதல்ல ஆறு. ஆத்தைத் தாண்டித்தானே தோப்பு?”

“தோப்புலதான பொண்ணு நிக்கிறா?”

“பொண்ணு ஆத்துல நிக்கிறாம்மா!”

பெட்டி அந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்கலை சார் கையிலிருந்த பேப்பர்களை மேஜையில் வைத்தார். சர்வீஸில் இருபத்தாறு வருடம் எத்தனையோ தவறுகளைப் பொறுத்துக்கொண்டவர் அவர். இதைப் பொறுக்க முடியவில்லை.

“ஆறும் இல்ல, தோப்பும் இல்ல. மொதல்ல தோணி!” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. சரியான இடத்தில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சரணம் முழுவதையும் பாடினார். கடைசி வரியில் ஒரு சுழிப்பும் போட்டார். சங்கரலிங்கம் கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் கேமரா இருந்தது.

“சார், எல்லாம் பதிவாயிருச்சு” என்றார் வீடியோக்காரர். “தேதி, நேரத்தோட.”

“அதை அழிங்க.”

“அழிக்கப்படாது சார். தேர்தல் டிரெய்னிங் கிளாஸ்ல நீங்கதான் சொன்னீக.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “புகார் உண்மைன்னாத்தானே வீடியோவை மேல அனுப்பணும்?”

“ஆமா சார். உண்மை இல்லைன்னா நம்ம கிட்டயே இருக்கும்.”

அதிகாரி ஏட்டைப் பெட்டியிலிருந்து விலகச் சொன்னார். ரிப்போர்ட்டை எடுத்தார். ‘நேரில் சென்று விசாரித்ததில் புகாரில் உண்மை இல்லை’ என்று எழுதி, அடிக்கோடு போட்டு, பெனிட்டாவிடம் ஒரு நகல் கொடுத்தார். பெனிட்டா அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அப்போதுதான் பிளக்கிலிருந்து கையை எடுத்தாள்.

பொலிரோ கிளம்பிய தூசி அடங்குவதற்குள் அடுத்த பாட்டுக்குக் காசு விழுந்தது. போட்டது பவுனு. அவள் கட்சித் தலைவரின் பாட்டு. அதாவது, அன்றைக்கு அந்தக் கடையில் முடிவான சட்டப்படி, பொதுப் பாட்டு. வயலின் ஓய்ந்து, பாட வேண்டிய இடம் வந்ததும் முதலில் வாயைத் திறந்தவர் காதர் பாய்தான்.