ஓமத் தண்ணீரின் நிறம்

வீட்டில் ஒரு கைப்பிடி ஓமத்தைக் கொதிக்கவைத்தால் தண்ணீர் பழுப்பாகிவிடும். கடையில் பாட்டிலில் விற்கிற ஓமத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. ஆனால் மூடியைத் திறந்தால் ஓம வாடை மூக்கைத் துளைக்கும். அந்தப் பழுப்பு எங்கே போயிற்று? தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு நாள் டைரியில் இந்தக் கேள்வியை எழுதி வைத்தேன். அப்போதும் இப்போதும், அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுவது என் வழக்கம்.

பதில் பள்ளிக்கூடப் பாடத்தில் இருந்ததுதான். ஓமம் கொதிக்கும்போது எழும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் வாடை மட்டும் வந்து சேரும்; பழுப்பு பானையிலேயே தங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழாயைச் செருகி, குழாயை ஈரத்துணியால் சுற்றிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் அரை டம்ளர் கிடைத்தது. நிறமில்லை. மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எண்ணெய்ப் புள்ளிகள் மிதந்தன.

“குக்கர்ல இனிமே சோறு பொங்கணுமா வேண்டாமா?” என்று கேட்டாள் மனைவி. மூன்று நாள் சோற்றில் ஓமம் மணத்தது. நான்காம் நாள் குக்கரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் பசுவந்தனை ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். தீப்பெட்டி மெஷின்களுக்கு உதிரிப் பாகம் கடைவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. என் அரை டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, “இத வச்சு என்ன செய்யப் போறீய, மாப்பிள?” என்றார்.

“பெரிசா ஒண்ணு செஞ்சு பாக்கணும், மச்சான்.”

பட்டறையின் பின்பக்கத்தை ஐப்பசி ஒன்றாம் தேதி வரைக்கும் எனக்கு விட்டுக்கொடுத்தார். அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அவருக்கு இரண்டாவது லேத் வருகிறது. அதற்குள் என் சரக்கை யாராவது வாங்குவதாகச் சொன்னால் லேத்தை வேறெங்காவது இறக்கிக்கொள்வார். இல்லையென்றால் நான் செய்யும் பானையை வெட்டித் தகடாக்கிவிடுவார். பேச்சு இதுதான். கம்பெனியில் சம்பளமில்லாமல் நான்கு மாத லீவு எழுதிக் கொடுத்தேன்.

பானைக்கு அறுபது லிட்டர் கொள்ளும் ஸ்டீல் டிரம். அதன் மூடியிலிருந்து ஒரு வளைந்த குழாய் கிளம்பும். அந்தக் குழாயின் நுனி செம்புக் குழாய்ச் சுருளின் வாய்க்குள் இறங்கும். சுருள் முழுவதும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கும். அதன் அடிமுனையில் பாட்டில். செம்புக் குழாயை ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரிடம் வாங்கினோம். வெறுமனே வளைத்தால் நசுங்கிவிடும் என்று அவர்தான் சொன்னார். குழாய் நிறைய மணலைத் திணித்து, இரண்டு முனையையும் அடைத்து, சிமெண்ட் பைப் ஒன்றில் சுற்ற வேண்டும். எங்கள் ஊர் மண் கரிசல். நனைந்தால் களி, காய்ந்தால் கட்டி. குழாய்க்குள் இறங்காது. வீடு கட்டுகிற இடத்தில் ஒரு வாளி ஆற்று மணல் கேட்டு வாங்கி, சலித்து, வறுத்து ஊற்றினோம். ஒன்பது சுற்று வந்தது. ஒரு நசுங்கல் கூட இல்லை.

தண்ணீர்தான் பெரும்பாடு. தொட்டித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடும், மாற்ற வேண்டும். முனிசிபாலிட்டித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம் வருகிற ஊரில் அதைக் கீழே ஊற்ற மனசு வருமா? சுட்ட தண்ணீரை இறைத்து வேறொரு டிரம்மில் ஆறவிட்டு மறுபடி ஊற்றினேன். சாயங்காலம் பட்டறை ஆட்கள் அதில் வெந்நீர்க் குளியல் போட்டார்கள். சக்கையான ஓமத்தை மச்சானின் மாடு ஆசையாகத் தின்றது. அப்புறம் ஒரு வாரம் அவர் வீட்டு டீயைக் குடிக்க முடியவில்லை.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் விடிந்தால் ஒரே கேள்விதான் கேட்பார். “அண்ணாச்சி, இன்னிக்கு மொதத் தண்ணியா, ரெண்டாந் தண்ணியா?” பானை, குழாய், அடுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் அர்த்தம் ஒன்றுதான், சாராயம். யாரோ சொல்லி ஒரு போலீஸ்காரர்கூட வந்தார். முகர்ந்து பார்த்தார், சிரித்தார், தனக்கு அஜீரணம் என்று சொல்லி ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போனார்.

வாங்குவதற்கு நான் மனதில் வைத்திருந்தது பஜாரிலிருந்த நாட்டு மருந்துக் கடை முதலாளியை. மதுரையிலிருந்து ஓமத் தண்ணீரை மொத்தமாக வரவழைத்து, லைசென்ஸோடு பாட்டிலில் அடைத்து விற்பவர் அவர். “நம்ம ஊர்லயே கெடச்சா எடுத்துக்கிடுதேன், தம்பி. ஆனா மூணு தடவதான் பாப்பேன். அதுக்கு மேல என் மூக்கு தாங்காது” என்றார்.

முதல் தடவை கொண்டுபோனதை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார். எழுந்துபோய் வாசலில் நின்று மறுபடி முகர்ந்தார்.

“பஞ்சர் கடையில வச்சுக் காய்ச்சுனீயளா?”

டிரம் மூடிக்கும் குழாய் இணைப்புக்கும் லாரி டியூபை வெட்டி வளையமாகப் போட்டிருந்தேன். திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால் ரப்பர் ஊறி உப்பி, விரலால் நசுக்கினால் பிசுபிசுத்தது. ஓம எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்பது எனக்குப் புதுச் செய்தி. டைரியில் அரைப் பக்கம் எழுதினேன்.

ரப்பர் கூடாதென்றால் மாவை அப்பித்தான் அடைக்க வேண்டும். என்னிடம் ஒரு அம்மா வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெரு. காலையில் வந்து ஓமத்தைப் புடைத்துத் தூசி தும்பு நீக்கிக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் தன் வீட்டில் மைதாப் பசையால் தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டுவார். அவரிடம், “நாளைக்கு வரும்போது ஒரு சட்டி பசை கொண்டு வாங்கம்மா” என்றேன். கொண்டுவந்தார். குழாயின் நுனியில் பசையைத் தடவி, சுருளின் வாய்க்குள் செருகி, மேலே பசையில் முக்கிய துணியைச் சுற்றினேன். மூடிக்கும் அப்படியே. ஆவி ஒரு இடத்திலும் கசியவில்லை.

அன்று வடித்ததை ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, டைரியில் “காரம் சரி, வாடை சரி, லேசாகத் துவர்ப்பு, அரை மணி நேரம் குமட்டல்” என்று எழுதினேன். குமட்டலுக்குக் காலையில் தின்ற பருப்பு வடையைக் காரணமாக எழுதியிருக்கிறேன்.

முதலாளி இந்தத் தடவை முகர்ந்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்து அதில் ஊற்றினார். நான் எடுத்துப் போனது பழுப்புப் பாட்டில். கிண்ணத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது. வெள்ளை வேட்டி முக்கச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் போல ஒரு சாயல்.

“பச்சப்புள்ளைக்கு ஊத்துத மருந்து, தம்பி. நீலமா இருந்தா எந்தத் தாய் ஊத்துவா?” என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “இன்னும் ஒரு தடவதான்.”

ஐப்பசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தோற்றுப்போய்க் கம்பெனிக்குத் திரும்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திரும்புவதை நினைத்தால்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

முதல் சந்தேகம் செம்புச் சுருள் மேல். செம்பில் களிம்பு ஏறினால் பச்சையும் நீலமும் வரும் என்பது ஊரறிந்த விஷயம். புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துக் கழுவினேன். பிறகு ஓமமே போடாமல் வெறும் தண்ணீரை வடித்துப் பார்த்தேன். முதலாளியிடமே கேட்டு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கி வந்திருந்தேன். அதில் ஊற்றினால் துளி நிறமில்லை. மறுநாள் ஓமம் போட்டு வடித்தேன். நீலம்.

ஆகவே சுருள் சுத்தமாக இருந்தாலும் ஓமத்தின் காரம் செம்பைக் கரைத்து இழுக்கிறது என்று முடிவு எழுதி, அடியில் கோடும் போட்டேன். மச்சானிடம் போய் ஸ்டீல் குழாயில் சுருள் வேண்டும் என்றேன்.

“ஸ்டீல் குழாய இங்கன எவன் வளைப்பான்? மதுரைக்குத்தான் அனுப்பணும். பத்து நாளாகும்.”

“எட்டு நாள்தான் இருக்கு.”

“அப்பம் கணக்கு சரியா வந்துட்டுல்லா?” என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நான்கு நாளாக நீலத்துக்குக் காரணம் தேடி நான் அலைந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “வெள்ளிக்கெழம பிரிச்சிருவோம், மாப்பிள.”

வியாழக்கிழமை காலை நானே பிரிக்க உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சுத்தம் செய்து வைப்போம் என்று, இணைப்பில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுளகோடு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கைய வாயில கீயில வச்சிராதீய. துத்தம் கெடக்கு.”

“எதுல?”

“பசையிலதான்.”

மயில்துத்தம். பளிச்சென்று நீலமாக இருக்கும் விஷக்கல். குழாய் நுனியில் பூசிய பசை ஆவியில் இளகி, சுருள் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கியிருக்கிறது.

“பசையில எதுக்கும்மா துத்தம்?”

அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நல்லாக் கேட்டீய போங்க. தீப்பெட்டிக் கம்பெனியிலதான இருந்தீய? துத்தம் போடாட்டா மறுநாளே பூசணம் பூத்துப் போயிருமே. பெட்டியக் கரப்பான் அரிச்சிரும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீங்க பசைன்னுதான கேட்டீய? பசைதான் கொண்டாந்தேன். துத்தம் போடாட்டா அது பசையா? அது கூழுல்லா! கூழுன்னு கேட்டிருந்தா கூழு கொண்டாந்திருப்பேன். குடிக்கிற தண்ணி வார குழாயில இதப் பூசுவீயன்னு நான் கண்டனா? நான் அடுப்புப் பக்கமே வாரதில்ல, எனக்கு ஓமப் பொக ஒத்துக்கிடாது.”

அவர் மேல் தப்பில்லை. கம்பெனியில் பதினோரு வருடம் சரக்கு நோட்டில் மைதா மூட்டைக்கு அடுத்த வரியில் துத்தம் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். இரண்டும் எதற்காக ஒன்றாக வருகின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

டைரியைப் புரட்டினேன். வெறும் தண்ணீர் வடித்த நாள். அடுப்பு மூட்டிய நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம், தொட்டித் தண்ணீரின் சூடு, விறகின் எடை எல்லாம் இருந்தன. இணைப்பை எதனால் அடைத்தேன் என்பது இல்லை. யோசித்தபோது நினைவு வந்தது. அன்றைக்கு அந்த அம்மா கழுகுமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பசை வரவில்லை. ஈரத்துணியை இறுகச் சுற்றிச் சமாளித்திருந்தேன். அதனால்தான் தண்ணீர் தெளிவாக வந்தது. நான் பழியை ஓமத்தின் மேல் போட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் ஓமம் போடாமல், பழைய பசையையே பூசி, வெறும் தண்ணீரை வடித்தேன். மச்சான் கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“அதான் தெரிஞ்சுபோச்சே. பொறவும் எதுக்கு விறக எரிக்கீய?”

“தெரிஞ்சதா நெனச்சுத்தான மச்சான் செம்பு மேல பழி போட்டேன்.”

கிண்ணத்தில் நீலம் விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு கெட்டுப்போன சரக்கை நான் பார்த்ததில்லை. மறுநாள் இணைப்புகளைச் சுரண்டிக் கழுவி, சுருளில் நான்கு முறை வெந்நீர் ஓட்டி, வெறும் மைதாக் கூழைப் பூசி, புது ஓமம் போட்டு வடித்தோம். முதல் அரை மணி நேரம் மூடியில் ஒரு இடத்தில் ஆவி சீறியது. மச்சானே கூழை அள்ளி அப்பினார். வெள்ளிக்கிழமை வெட்டுவதாகச் சொன்ன பானைக்கு.

சனிக்கிழமை மச்சானின் வண்டியில் பஜாருக்குப் போனோம். அவர் இறங்கவில்லை, கடைக்கு எதிரே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். முதலாளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, அதைத் தூக்கிக்கொண்டு தெருவெயிலுக்கு வந்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார். பிறகு வேறு ஒரு ஆளுக்குக் கால் கிலோ திப்பிலி நிறுத்துக் கொடுத்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஏப்பம் விட்டார்.

“அந்த நீலம் எங்கன போச்சு?”

சொன்னேன். பசை, துத்தம், கூழ் எல்லாம். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, “அந்த ரெண்டாவது சரக்கு மிச்சம் இருக்கா?” என்றார்.

“அன்னைக்கே கீழ ஊத்தியாச்சு, அண்ணாச்சி. நான் மட்டுந்தான் குடிச்சேன்.”

“நல்ல வேள. வார செவ்வாக்கெழம இருவது லிட்டர் கொண்டாங்க. வெள்ளைப் பாட்டில்ல.”

வெளியே வந்து இருபது லிட்டர் என்று சொன்னதும் மச்சான் முதலில் கேட்டது, “அப்பம் லேத்த எங்கன எறக்க?” ஐப்பசி ஒன்றாம் தேதி அது பட்டறை வாசலில் தார்ப்பாய் போர்த்தி இறங்கியது. அந்த மாதம் முழுவதும் மழை பெய்தபோதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டினார். கார்த்திகையில் வாசலுக்குத் தகரம் போட்டோம்.

டைரியில் ஒவ்வொரு நாளுக்கும் “அடைப்பு எதனால்” என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன். அந்த அம்மாவிடம், இனிமேல் தினமும் ஒரு சட்டி கூழ் வேண்டும், பசை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். திங்கட்கிழமை காலையில் அவர் இரண்டு சட்டிகளோடு வந்து இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

“எதுக்கும்மா ரெண்டு?”

“கூழுன்னு பொத்தாம்பொதுவாச் சொன்னா நான் எதக் கண்டேன்? வெங்காயம் கெடக்கது கம்பங்கூழு, குடிக்கதுக்கு. மத்தது பூசுததுக்கு. மாத்திராதீய, அண்ணாச்சி.”