கூட்டியிருந்த மரத்தடிகள்

அன்று அங்கே நான் இருந்தேன். என் புருஷன் சேவியர் இருந்தார். ரப்பர் காணிக்காரர் மொய்தீன் நானா இருந்தார். என் நாத்தனார் ஸ்டெல்லா இல்லை, அவள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நானே இந்த மாதிரிக் கதைகளை நம்பாதவள்தான்.

யட்டவத்தைப் பக்கம் அந்தக் காணியில் ஸ்டெல்லாதான் பால் வெட்டுவாள். அதற்கு மூன்று நாளுக்கு முன் ரோட்டோரத்து முதல் மரத்தடியில் அவளைக் கோப்பி விரியன் கடித்தது. சருகு நிறம், சருகுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். அதனால் தடியால் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் மரத்தை நெருங்குவோம். கடிபட்ட அன்று அவள் கூட்டவில்லை. இதன் விஷத்துக்கு ஊசி கிடையாதாம். அவளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பி இரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் போடவேண்டும் என்றார் டொக்டர்.

டொக்டர் அப்படிச் சொன்ன மறுநாள் விடிந்ததும் அவள் மரங்களை வெட்ட நான் போனேன். கண்ணுக்கு எட்டிய ஒவ்வொரு மரத்தடியும் கூட்டியிருந்தது, இடப்பக்கம் இழுத்த அரைவட்டமாக. ஸ்டெல்லா இடதுகைக்காரி.

"முந்தியே வந்து கூட்டினியா? வீட்டுல ஒருநாளாச்சும் இப்புடிக் கூட்டியிருக்கியா?" என்றார் சேவியர்.

"நான் இல்லீங்க."

"அல்லா மேல சத்தியமா நான் யாரையும் அனுப்பல்ல தங்கச்சி" என்றார் நானா. சிரித்துக்கொண்டு வந்தவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எல்லாம் கூட்டியிருந்ததால் தடியை முதல் மரத்திலேயே சாத்திவிட்டு மரம் மரமாக வெட்டிக்கொண்டு போனேன். கடைசியில் பாறையோர மரம். அங்கே மட்டும் கூட்டவில்லை, கணுக்கால் அளவு சருகு. காலைத் தூக்கிவிட்டேன், சேவியரின் போன் அடித்தது. ஸ்டெல்லா. சத்தம் எனக்கே கேட்டது.

"அண்ணிய பாறை மரத்துல கால வைக்க வேணாம்னு சொல்லுங்க. ஒம்பது குட்டி கெடக்கு."

சேவியர் ஒரு கம்பால் சருகை விலக்கினார். தாய் சுருண்டு கிடந்தது. இது முட்டை இடாது, குட்டிதான் போடும். தவளையை ஏமாற்றக் குட்டிகள் வெளிறிய வால் நுனியைப் புழு மாதிரி ஆட்டும். அன்றும் ஆட்டின.

பகல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையிலேயே சிறுநீர் வந்துவிட்டதாம்.

"எப்புடிடி தெரியும்?"

"அந்த மரத்துக்கு வாறப்போ கை வலிச்சிருச்சு அண்ணி. விட்டுட்டேன்."

இப்போது அந்த மரங்களை நான்தான் வெட்டுகிறேன், எந்த மரத்தடியிலும் தடியை விடுவதில்லை. இன்று கேட்டாலும் ஸ்டெல்லா ஒன்பது என்றுதான் சொல்கிறாள். அன்று நாங்கள் மூன்று பேரும் குட்டிகளைத் தனித்தனியாக எண்ணினோம். எட்டு.