ஓடுகிற பலகையில் திருப்பூர்

வேனின் முன்கண்ணாடியில் இருந்த முருகன் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஐயப்பன் படத்தை ஒட்டியதால்தான் நான் டீச்சர் ஆனேன். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆள் ஏற்றிப் போகும். விருதுநகர் கல்லூரிக்குப் போக நானும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பேன். ஆயுத பூஜை கழிந்து வேலை தொடங்கிய அன்று எங்கள் தெருச் சித்தி ஒருவர் வேன் மாறி ஏறிப் போய்விட்டார். உறவெல்லாம் இல்லை, தெருவில் அம்மா வயதுக்காரர்கள் எல்லோரும் எனக்குச் சித்திகள்தான். பூஜைக்காக வேனைக் கழுவிச் சந்தனம் வைத்த அவருடைய கம்பெனி டிரைவர், அந்த வருடம் மாலை போடப்போகும் உற்சாகத்தில் சாமியை மாற்றியிருக்கிறார். அதே பூஜைக்கு வேறொரு கம்பெனி வேனில் முருகன் குடியேறியிருக்கிறார். சித்தி வழக்கம்போல முருகன் வந்து நின்றதும் ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். தீபாவளி சீசன், புது ஆட்கள் நிறைய வருகிற நேரம். தெரியாத முகங்களைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை.

இறங்கினால் கேட் வேறு, காவல்காரர் வேறு. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வரிசையோடு வரிசையாக உள்ளே போய் ஓர் அறையில் உட்கார்ந்துவிட்டார். வெடி ஆபத்துக்காக அறைக்கு நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். போர்மேன் எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார், ஐந்து வந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணியிருக்கிறார். "என்னைய விட்டுட்டு எண்ணுங்கய்யா, நான் வேற கம்பெனி" என்றாராம் சித்தி.

மறுநாள் விலக்கில் அவரை வைத்துத்தான் பேச்சு.

"ஏத்தா, இன்னைக்கு எந்தக் கம்பெனிக்கு?"

"எங்கன டீ நல்லாருக்கோ அங்கன."

"முருகன நம்பினோர் கைவிடப்படார்னு சொன்னாக. இவள சாத்தூர்ல கொண்டுபோயி விட்டுட்டானே."

நான் புத்திசாலித்தனமாக, "சித்தி, வேன் மேல கம்பெனி பேர் இம்புட்டுப் பெருசா எழுதிருக்குல்ல?" என்றேன்.

அவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது ஒனக்குப் பேரு பாப்பா. எனக்கு பெயிண்ட்டு."

அந்த இடத்தில்தான் தோன்றியது. அ, ஆ என்று சிலேட்டில் தொடங்காமல் இந்த வேனில் தொடங்கினால் என்ன? கடைசி வருடப் படிப்பு, கையில் செல்போன், தலைக்குள் ஆயிரம் திட்டம் என்று திரிந்த எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எல்லா வேன்களையும் படம் எடுத்துக்கொண்டு, கல்லூரி விட்டதும் நேராக எங்கள் ஊர் நர்ஸ் அக்காவிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் சர்ச் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் அவர். சம்பளமில்லாத வேலை. அரசு தந்த பாடப்புத்தகம் பெட்டியோடு இருந்தது, ஆட்கள்தான் இல்லை.

"சீசன்ல ஒருத்தரும் வர மாட்டாக. தீபாவளி முடியட்டும்" என்றார் அக்கா.

"அதுவரைக்கும் சும்மா இருக்கவாக்கா?"

"இரு. இங்க மொதப் பாடம் அதான்."

தீபாவளி முடிந்தது. கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நாட்களில் சித்திதான் முதல் ஆளாக வந்தார். பின்னாலேயே, அவரைக் கேலி செய்த அத்தனை பேரும் வந்தார்கள். வேன் பெயர்களில் தொடங்கினோம். பிறகு தினசரிக் காலண்டர். சிவகாசியில் அச்சாகி உலகமெல்லாம் போவது, எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு தொங்கும். கிழமை, ராகு காலம், இன்றைய பலன் என்று ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கொண்டுவருவார்கள். தன் ராசிக்கு 'பயணம்' என்று போட்டிருந்த தாளைச் சித்தி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திருப்பிக் கேட்டதற்குத் தரவில்லை.

அவருக்கு ஒரு மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை, அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. சித்தப்பாதான் சித்தியை அங்கே கூட்டிப்போவார், கூட்டிவருவார். ஊரில் ஆடுகளைப் போட்டுவிட்டு வந்த கவலையில் மனிதருக்கு இருப்பே கொள்ளாது. காலையில் கிளம்பி, மத்தியானம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்ட கை ஈரம் காயுமுன், "வெளிச்சத்தோட கெளம்பிருவோம்" என்பாராம். மகள் தெருமுனைவரை வந்து நிற்பாளாம். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடச் சித்தி அங்கே தங்கியதில்லை.

"தனியாப் போனா நான் நெனச்ச நேரம்தான திரும்புவேன்" என்றார் ஒருநாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பாப்பா. மக வீட்டுல ஒரே ஒரு விடியக்காலம். அவளுக்கு முந்தி எந்திரிச்சு, அவ தலைமாட்டுல உக்காந்து, அவ முளிக்கதப் பாக்கணும். சின்னதுல முளிச்ச ஒடனே அளமாட்டா. சிரிப்பா. இப்பவும் அப்பிடித்தான் முளிக்காளான்னு பாக்கணும்."

அவருடைய பென்சில் 'திரு' வரை வந்து நின்றிருந்தது.

சித்தப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். "சாத்தூருக்கே வேன் மாறிப் போனவ. மதுரையில எறங்கி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போயி, திருப்பூர் பஸ் புடிக்கணும். எவன்ட்டயாவது கேட்டு, அவன் கோயம்புத்தூர்ல கொண்டுபோய் எறக்கிட்டா?" என்பார். கடைசியில் ஒரு பந்தயம் போட்டார்கள். பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி லீவு. இரண்டு பேருமாக ஆரப்பாளையம் போவது, சித்தி யாரையும் கேட்காமல் திருப்பூர் பஸ்ஸைத் தானே படித்துக் காட்டுவது, காட்டிவிட்டால் அங்கிருந்து தனியாகப் போகலாம், எத்தனை நாளும் தங்கலாம். சித்தி மாற்றுச் சேலைகளை மடித்துவைத்தார். வகுப்பே சேர்ந்து முறுக்குச் சுட்டுக் கொடுத்தது. 'திருப்பூர்' என்பதை அட்டையில், கரும்பலகையில், மாவில், மணலில் எழுதி எழுதி அழித்தோம். எங்கே எழுதினாலும் படித்தார்.

போன அன்று ராத்திரியே திரும்பி வந்துவிட்டார், சித்தப்பாவோடு.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அவர் ஒரு காலண்டர் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் கிண்டினார். "ஏத்தா, திருப்பூரு கண்ணுல படலயா?"

"பட்டுச்சு. நிக்கல."

"என்னது நிக்கல? பஸ்ஸா?"

"எளுத்து."

பிறகுதான் புரிந்தது. இப்போது வருகிற பஸ்களில் பெயர் எழுதிய பழைய பலகை இல்லை. நெற்றியில் சிவப்பு விளக்குப் புள்ளிகளால் ஆன எழுத்து வலப்பக்கம் முளைத்து இடப்பக்கமாக ஓடி மறைகிறது. தமிழில் ஒரு ஓட்டம், இங்கிலீஷில் ஒரு ஓட்டம், அப்புறம் வழியில் இருக்கிற ஊர்கள். சித்தி 'திரு'வைப் பிடித்துக் கூட்டுவதற்குள் அது போய்விட்டது. அடுத்தது இங்கிலீஷ். அதற்கடுத்து 'ஒட்டன்சத்திரம்' வந்ததும் இது வேறு பஸ் என்று விட்டுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பூர் பஸ் கிளம்பிப் போனது. சித்தப்பா சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பிட வைத்து, கூட்டிவந்துவிட்டார். மாற்றுச் சேலைகள் மடிப்பு கலையாமல் வந்தன.

"அவுக சிரிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்" என்றார் சித்தி. "கெளம்பும்போது மக, 'பையி எதுக்கும்மா இம்புட்டுக் கனம்'னு கேட்டா. முறுக்குன்னு சொல்லிட்டேன்."

நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். "நாம நிக்கிற எழுத்தத்தான் சொல்லிக்குடுத்திருக்கோம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் விலக்கிலேயே நின்றேன். மதுரைப் பஸ், நெல்லைப் பஸ் என்று நெற்றியில் ஊர் ஓட ஓடப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அத்தனையும் படிக்க வருகிறது, இரண்டு மொழியிலும். எதிலும் ஏறித் தூரமாகப் போனதில்லை. சென்னை, பெங்களூர் என்று வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. படிக்கத் தெரிந்தவர் இங்கே நிற்கிறார், போக வேண்டியவருக்குப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை என்று என்னமோ தோன்றியது. அந்த நினைப்பை வளர்க்கவில்லை. பக்கத்து அச்சகத்தில் பேப்பர் வெட்டிய கழிவை மூட்டை கட்டி வெளியே வைத்திருந்தார்கள். காலண்டரின் ஓரங்களில் வெட்டி எடுத்த, கைவிரல் அகலத்துக்கு நீள நீளமான வெள்ளை நாடாக்கள். கேட்டதும் ஒரு மூட்டையையே கொடுத்துவிட்டார்கள்.

வெடி போடுகிற காலி அட்டைப்பெட்டி ஒன்றில் சன்னமாக ஜன்னல் வெட்டினேன். இரண்டு பக்கமும் கீறல். நாடாக்களை நீளமாக ஒட்டி, ஊர்ப் பெயர்களைச் சிவப்பு மையில் எழுதி, ஒரு கீறலில் நுழைத்து மறு கீறலில் இழுத்தால், ஜன்னலில் எழுத்து ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டதும் வகுப்பே எழுந்து வந்துவிட்டது.

"மெல்ல இளு தாயி. பஸ்ஸுக்கே அம்புட்டு வேகம் கெடையாது."

"திரு... திருமங்கலம்."

"சித்தி, அவசரப்படாதீக. திருன்னு எத்தன ஊர் இருக்கு. மிச்சம் வரட்டும்."

"மிச்சம் வர்றதுக்குள்ள மொதல்ல வந்தது போயிருதே."

"போகட்டும். அத மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டு வர்றதப் பாருங்க."

சித்தி பெட்டியைத் தன் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு, "அது எனக்குப் பளக்கம்தான்" என்றார். "இளு."

அதற்குப்பின் அந்தப் பெட்டி என்னிடம் இல்லை. மழை நாட்களில் கம்பெனியில் வேலை இருக்காது, அன்றெல்லாம் வகுப்பு நிறையும். மேகம் கறுத்தால் எனக்கு ஆசையாக இருக்கும், அவர்கள் முகம் சுருங்கும். ஆனால் மழைக்காகக் காத்திருக்கச் சித்தி தயாராக இல்லை. பெட்டியை வேனுக்கே கொண்டுபோய்விட்டார். காலையில் ஒருவர் நாடாவை இழுக்க, மற்றவர்கள் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போகிறார்கள். வேன் குலுங்குகிற குலுக்கலில் படிப்பவருக்கு எந்தப் பஸ்ஸின் பலகையும் இனி ஒரு பொருட்டில்லை. ஐயப்பன் வேன் டிரைவர், "திண்டுக்கல் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்கிறாராம். இங்கிலீஷ் ஓடும்போது பயப்படாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்காக நடுநடுவே இங்கிலீஷிலும் எழுதிச் சேர்த்தேன். அது வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்களாம்.

இப்போது மறுபடியும் சீசன். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. வகுப்பில் நானும் நர்ஸ் அக்காவும் பெஞ்சுகளும் மட்டும். அக்கா காத்திருக்கப் பழகியவர், ஸ்வெட்டர் பின்னுகிறார். நான் வாசலுக்கும் உள்ளேயுமாக நடக்கிறேன். போன வாரம் விலக்கில் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ ஆரப்பாளையம் கூட்டிப்போங்க சித்தப்பா."

"போன தடவ அவ மூஞ்சியப் பாத்தயா நீ? நான் பாத்தேன். திருப்பியும் அதப் பாக்க எனக்கு ஏலாது."

"இந்தத் தடவ நிக்காத எளுத்தையே படிப்பாக. நானும் வாறேன்."

அவர் ஆடுகளை ரோட்டோரமாக ஒதுக்கி ஓட்டினார். "படிச்சிட்டான்னா, அவ வர்ற வரைக்கும் எனக்குக் கஞ்சி யாரு வைக்க?"

"நீங்கதான்."

"நெனச்சேன்" என்றார்.

தீபாவளி கழிந்து கம்பெனி அடைத்ததும் வருகிற முதல் ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சித்தி தடுத்துவிட்டார், பையின் கனத்துக்கு இன்னொரு தடவை பொய் சொல்ல முடியாதாம். ஆரப்பாளையத்தில் நான் அவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. என் உதடு தானாக அசைந்துவிடும், எனக்குத் தெரியும். சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு டீக்கடையில் போய் நின்றுகொள்வேன். பஸ்கள் வரும், நெற்றியில் ஊர்கள் ஓடும், திருப்பூர் வரும்வரை சித்தி ஒவ்வொன்றாக விடுவார். திரும்பி வரும்போது எங்கள் ஊர்ப் பஸ்ஸில் நானும் சித்தப்பாவும் மட்டும் இருக்க வேண்டும். அதுதான் திட்டம்.